பின்சக்கரத்தில் ‘டொக் டொக்’: பேரிங்கா, டயரா, நட்டா?

குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வழியாகத் தினமும் வேலூருக்குக் கார் ஓட்டி வரும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சின்ன கார், முன்சக்கர இழுவை, 95,000 கிலோமீட்டர் ஓடியது. மெதுவாகப் போகும்போது வலது பின்பக்கம் ‘டொக் டொக்’ என்கிறது. 60-ஐத் தாண்டினால் ‘ஊம்ம்’ என்று ஓர் உறுமல். ஏலகிரி ஏறியபோது இடது வளைவுகளில் கூடுதலாகக் கேட்டதாம். ஒரு பட்டறையில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொல்லி இரண்டையும் மாற்றினார்கள், சத்தம் அப்படியே இருக்கிறது. இன்னொருவர் டயர் என்கிறார், மூன்றாமவர் வீல் பேரிங் என்கிறார். யார் சொல்வது சரி? இதெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: “நாலு மாசம் முன்னாடி பின் பிரேக் ஷூ மாத்தினேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுன்னு நினைக்கிறேன்.”

தம்பி, சம்பந்தம் இருக்காது என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்த வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. காட்பாடியில் 27 வருஷமாகப் பட்டறை நடத்துகிறேன். பின்பக்கச் சத்தம் என்று வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது “சத்தம் எப்படி வருது?” என்பதில்லை. “பின் டிரம்மைக் கடைசியா எப்பக் கழட்டினாங்க?” என்பதுதான். காரணம் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் எஞ்சின் முன்சக்கரத்தை மட்டும்தான் சுற்றுகிறது. பின்சக்கரம் சும்மா உருண்டு வருகிறது. பின் ஆக்சிலின் இரண்டு நுனியிலும் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த ஓர் எஃகு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்டப் ஆக்சில். முளைமேல் பேரிங் (குண்டுகள் உருளும் வளையம்), பேரிங்கைச் சுற்றி ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ஹப்போடு பிரேக் டிரம் (உள்ளே பிரேக் ஷூ விரிந்து உரசும் இரும்புச் சட்டி), டிரம்மில் சக்கரம். இத்தனையும் வெளியே நழுவி வராமல் பிடித்து வைத்திருப்பது முளையின் நுனியில் இருக்கும் ஒரே ஒரு நட்டு. அதற்கு மேலே ஒரு தகர மூடி, கிரீஸ் கப் என்போம்.

சில கார்களில் டிரம் தனி, ஹப் தனி. டிரம்மில் இருக்கும் இரண்டு ஓட்டைகளில் போல்ட்டைப் போட்டு முறுக்கினால் டிரம் மட்டும் கழன்று வரும், நட்டைத் தொட வேண்டியதில்லை. ஆனால் நம் பக்கம் அதிகம் ஓடும் சின்ன கார்கள் பலவற்றில் டிரம்மும் ஹப்பும் ஒரே வார்ப்பு. பிரேக் ஷூவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாலே அந்த நடு நட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும். ஆக நாலு மாதம் முன்பு யாரோ ஒருவர் அந்த நட்டைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். எப்படி மாட்டினார் என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் அந்த நட்டுக்கு ஒரு மெல்லிய கழுத்து இருக்கும். இறுக்கி முடித்ததும் அந்தக் கழுத்தை மழுங்கிய உளியால் தட்டி, முளையில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் மடக்கிவிட வேண்டும். அதுதான் பூட்டு. கழற்றும்போது மடிந்த இடத்தை நிமிர்த்துகிறோம், அங்கே உலோகம் வலுவிழந்துவிடும், சில சமயம் கீறல் விட்டிருக்கும். அதனால் கழற்றினால் புது நட்டு போட வேண்டும் என்பது கணக்கு. அதன் விலை ஆம்பூரில் ஒரு பிளேட் பிரியாணிக்குக்கூட வராது. ஆனால் ஸ்பேர்ஸ் கடைக்குப் போய் வாங்கி வர ஆள் வேண்டும், பழைய நட்டோ கையிலேயே இருக்கிறது. அதையே போட்டு, ஸ்பேனர் பிடியில் குழாயைச் செருகி ஓர் இழுப்பு இழுத்து, பழைய மடிப்பிலேயே ஒரு தட்டு தட்டி அனுப்பிவிடுவார்கள். பழைய மாடல்களில் கிரீடம் மாதிரி வெட்டிய நட்டும் ஸ்பிளிட் பின்னும் இருக்கும். அதில் பழைய பின்னையே நிமிர்த்திப் போடுவார்கள், அல்லது கம்பியை வளைத்துச் செருகியிருப்பார்கள். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

இறுக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இப்போது வரும் பின் பேரிங்குகளில் இரண்டு வரிசைக் குண்டுகள் இருக்கும், உள்வளையமும் இரண்டு துண்டு. அந்த இரண்டு துண்டையும் ஒன்றோடொன்று நெருக்கி அழுத்தி வைப்பதே அந்த நட்டுதான். குண்டுகளுக்கு எவ்வளவு இடம் என்பதை அந்த அழுத்தம்தான் தீர்மானிக்கிறது. நட்டு தளர்ந்தால் துண்டுகள் விலகும், குண்டுகள் ஆடும், சக்கரம் சாயும். வீட்டில் திருகை இருந்தால் தெரியும்: நடு முளை தளர்ந்த திருகையில் மேல்கல் தள்ளாடித் தள்ளாடித்தான் சுற்றும், மாவும் ஒரு பக்கம் நொய்யாக விழும். அதேதான் இங்கேயும்.

எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். ஓர் உதாரணத்துக்கு 175 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஏறக்குறைய 18 கிலோவைத் தொங்கவிட்ட அளவு. பிடி அரை மீட்டர்தான் என்றால் 36 கிலோ. காலையில் இழுக்கிற கையும் சாயங்காலம் சோர்ந்து இழுக்கிற கையும் இதில் ஒன்றாக இருக்க முடியுமா? டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த நட்டைப் போடக்கூடாது என்று என் பட்டறையில் சண்டையே போட்டிருக்கிறேன்.

சரி, இது சந்தேகம்தான். சந்தேகத்தை வைத்துக்கொண்டு சாமான் வாங்கினால் ஷாக் அப்சார்பர் கதைதான் திரும்பவும் நடக்கும். உறுதி செய்யும் வரை வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டு போகாதீர்கள். மற்ற சத்தங்களைப் போல ‘பொங்கல் லீவுல பார்த்துக்கலாம்’ என்று ஒத்திப்போடக்கூடிய சத்தம் இல்லை இது. நட்டு முழுக்கக் கழன்றால் சக்கரம் மட்டும் போகாது, டிரம்மும் சேர்ந்து போகும். டிரம் போனால் அந்தப் பக்கம் ஷூ தடுக்க ஆள் இல்லாமல் விரியும், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து பிரேக் ஆயில் கொட்டும்.

முதலில், வண்டியை அசைக்கும் முன்பே, நான்கு வீல் நட்டையும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். மெதுவான வேகத்தில் ‘டொக் டொக்’ என்று வருவதற்கு இதைவிடச் சுலபமான காரணம் கிடையாது, ஆபத்தும் குறைவில்லை. பஞ்சர் கடையில் கழற்றி மாட்டிய பிறகு ஒரு நட்டு மறந்து போவது நடப்பதுதான். சின்ன கார்களுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் ஏதோ ஓர் அளவு இருக்கும். தளர்ந்த நட்டோடு நிறைய நாள் ஓடியிருந்தால் ரிம்மில் இருக்கும் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, ரிம்மையே மாற்ற வேண்டும்.

அடுத்தது டிக்கி. சிரிக்காதீர்கள். ஸ்டெப்னியைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து, ஜாக்கி ராடு தகரத்தில் மோதி, அதற்காக வீல் பேரிங் மாற்றி வந்த வண்டி ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன். டிக்கியைக் காலி செய்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

இப்போது சத்தத்துக்கு வருவோம். உங்களுக்குக் கேட்பது ஒரு சத்தம் இல்லை, இரண்டு. இரண்டும் இரண்டு கதை சொல்கின்றன. ‘டொக்’ என்பது ஆட்டம்: எங்கோ இடைவெளி விழுந்து, இரும்பும் இரும்பும் மோதுகிறது. ‘ஊம்ம்’ என்பது தேய்மானம்: குண்டு உருளும் பாதை சொரசொரப்பாகிவிட்டது. உங்களிடம் நான் கேட்க விரும்புவது, இதில் எது முதலில் வந்தது? உறுமல் ஆறேழு மாதமாக மெல்ல வளர்ந்து, பிறகுதான் ‘டொக்’ வந்தது என்றால் பேரிங் தன் ஆயுளை முடித்துக்கொண்டு தானாகத் தளர்ந்திருக்கிறது. பிரேக் வேலை பார்த்த பிறகு முதலில் ‘டொக்’, அதற்குப் பிறகு உறுமல் என்றால் நட்டு தளர்ந்து, அந்த ஆட்டத்தில் பேரிங் அடி வாங்கியிருக்கிறது. இரண்டிலும் பேரிங் மாற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் இரண்டாவது கதை என்றால் பேரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை, அடுத்த நாலு மாதத்தில் திரும்ப வருவீர்கள்.

‘டொக்’ சக்கரத்தோடு சேர்ந்து வருகிறதா என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சமதளத்தில் நியூட்ரலில் வைத்து இரண்டு பேர் தள்ள, நீங்கள் சக்கரத்தோடு கூடவே நடந்து வாருங்கள். 165/80 ஆர்14 டயர் என்றால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர், 10 மீட்டர் தள்ளினால் ஐந்து சுற்று. ஒவ்வொரு முறை கோடு கீழே வரும்போதும் ஒரே இடத்தில் ஒரு ‘டொக்’ என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று: வீல் நட்டு, கோணலான டிரம், டயர் பட்டனுக்கு நடுவில் சிக்கிய ஜல்லி. எண்ணிக்கை பொருந்தாமல், முன்னால் தள்ளி உடனே பின்னால் இழுக்கும்போது மட்டும் ஒரு ‘டக்’ என்றால் ஹப்பின் ஆட்டத்தையோ, டிரம்முக்குள் உட்காராத ஷூவையோ சந்தேகப்படலாம். பேரிங் குண்டு ஒன்று உடைந்திருந்தாலும் கணக்கு ஒத்துப்போகாது. இங்கே வெளிவளையம்தான் சுற்றுகிறது, அதனால் குண்டுகளின் கூண்டு சக்கரத்தின் வேகத்தில் பாதிக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் சுற்றும்.

உறுமலுக்குச் சோதனை வேறு, ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் இதைச் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து, கையில் உணரும்படி ஆட்டம் இல்லை என்று தெரிந்த பிறகே செய்யுங்கள். விடியற்காலையில், கூட்டம் இல்லாத நேரத்தில், நல்ல தார் ரோட்டில் 60-க்குப் போய் கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். எஞ்சினின் சத்தம் விழும். உறுமல் விழாமல், வண்டியின் வேகம் குறையக் குறையத் தானும் மெல்லக் குறைந்தால் அது சக்கரத்துச் சத்தம். சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், பிரேக்கும் கல்லாகிவிடும்.

ஏலகிரியில் கேட்டது நல்ல துப்பு. 14 கொண்டை ஊசி வளைவு இருக்கிற ரோடு. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவர்களுக்குத் தெரியும்: பஸ் இடது பக்கம் திரும்பினால் உடம்பு வலது பக்கம் சாயும். காரின் எடையும் அப்படித்தான். இடது வளைவில் வலது சக்கரங்கள் சுமை தாங்குகின்றன, கெட்டுப்போன வலது பேரிங் அப்போது முனகுகிறது. ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதாதீர்கள். காரின் உடம்பு ஒரு பெரிய தகர டப்பா, வலது பக்கத்துச் சத்தம் இடது பக்கம் கேட்பதும், பின்னால் வருவது முன்னால் கேட்பதும் சகஜம். பின்சீட்டைச் சாய்த்துவிட்டு வேறொருவரை அங்கே உட்கார வைத்துக் கேட்கச் சொன்னால் கொஞ்சம் தெளிவாகும்.

டயர் என்று சொன்னவரையும் சும்மா ஒதுக்க வேண்டாம். வண்டி நின்றிருக்கும்போது டயரின் பட்டன்மேல் உள்ளங்கையை ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த் திசையில். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரியும் பட்டால் அந்த டயர் உறுமும். டயர்ச் சத்தத்துக்கு இன்னோர் அடையாளம், ரோடு மாறினால் அதுவும் மாறும். தாரிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறியதும் குரல் மாறினால் டயர், மாறாமல் ஒரே சுருதியில் வந்தால் பேரிங். அப்படியும் தீரவில்லை என்றால் பின்னால் இருக்கும் இரண்டு டயரையும் முன்னால் மாற்றிப் போடுங்கள். சத்தமும் முன்னால் இடம் மாறினால் விஷயம் முடிந்தது.

ஷாக் அப்சார்பரைப் பற்றி ஒரே வார்த்தை: அது பள்ளத்திலும் ஸ்பீடு பிரேக்கரிலும்தான் பேசும். சமமான ரோட்டில், சக்கரம் சுற்றுகிற தாளத்தில் அது பேசாது. மாற்றியவர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. சக்கரத்தைத் தூக்கிப் பார்க்காமல் காதை மட்டும் நம்பிவிட்டார்.

அதனால் தூக்கிப் பாருங்கள். நான் இத்தனை நேரம் சொன்னதெல்லாம் இந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னுரைதான்.

சமமான, கெட்டியான தரை. முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள், கியரில் போடுங்கள், ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் ஷூ டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியாது. இதை மறந்துவிட்டுச் சோதித்து ‘பேரிங் நல்லா இருக்கு’ என்று சொல்லி அனுப்புவது சர்வ சாதாரணம். ஜாக்கியை அதற்குரிய இடத்தில் கொடுத்து வலது பின்சக்கரம் தரையை விட்டு நாலு விரல் எழும்பும் வரை தூக்குங்கள். பக்கத்தில் ஸ்டாண்டு வையுங்கள், இல்லாவிட்டால் ஸ்டெப்னியையாவது உடம்புக்குக் கீழே படுக்க வையுங்கள். செங்கல் வேண்டாம், அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

சக்கரத்தைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணியில் ஒரு கை, 6 மணியில் ஒரு கை. மேல் கையால் உள்ளே தள்ளும்போது கீழ்க் கையால் வெளியே இழுங்கள், பிறகு மாற்றி. வேகமாக ஆட்ட வேண்டாம். தள்ளி, நிறுத்தி, இழுத்துப் பாருங்கள். நல்ல ஹப் பாறை மாதிரி நிற்கும், காரே ஆடுமே தவிர சக்கரம் தனியாக அசையாது. தளர்ந்த ஹப்பில் உள்ளங்கையில் ஒரு சின்ன ‘டக்’ தட்டும். காதுக்குக் கேட்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்துவிடும். பேரிங்குக்குள் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விலகினாலே டயரின் விளிம்பில் அது தோராயமாக முக்கால் மில்லிமீட்டராகப் பெருகித் தெரியும். பழகிய கை அதைக் கண்டுபிடித்துவிடும். அப்புறம் 3 மணி, 9 மணி. முன்சக்கரம் என்றால் இந்த ஆட்டத்துக்கு ஸ்டியரிங் டை ராடும் காரணமாக இருக்கலாம். பின்னால் ஸ்டியரிங் கிடையாது, ஆக இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி ஆடினால் ஹப் பக்கம்தான் விரல் நீட்டுகிறது.

ஆட்டம் இருக்கிறதா? உடனே பேரிங் என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே ஒருவரை உட்கார வைத்துப் பிரேக்கை அழுத்தி மிதிக்கச் சொல்லிவிட்டு அதே ஆட்டு ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஷூ விரிந்து டிரம்மையும், ஷூ உட்கார்ந்திருக்கும் பேக் பிளேட்டையும் ஒன்றாகக் கட்டிவிடும். ஆட்டம் காணாமல் போனால் அது டிரம்முக்கும் முளைக்கும் நடுவே, அதாவது பேரிங்கிலோ நட்டிலோ இருக்கிறது. பிரேக் மிதித்தும் ஆடினால் கோளாறு அதற்குப் பின்னால்: ஸ்டப் ஆக்சிலை பின் ஆக்சிலின் குறுக்குச் சட்டமான பீமோடு பிடிக்கும் போல்ட்டுகள், அல்லது அந்த பீமின் ரப்பர் புஷ். எனக்குத் தெரிந்து இவ்வளவு சுலபமாக இவ்வளவு சரியாகப் பதில் சொல்லும் சோதனை கார் ரிப்பேரிலேயே வேறு இல்லை. ஒரு பைசா செலவில்லை.

பிறகு பிரேக்கை விடச் சொல்லி, ஒரு கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, மறு கையின் விரல் நுனியைப் பின்பக்கக் காயில் ஸ்பிரிங் மேல் லேசாக வையுங்கள். சுற்றுகிற டயரிலிருந்து சட்டைக்கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் அமைதியாக இருக்கும். கெட்டது என்றால் மணல் அரைபடுவது போல ஓர் அதிர்வு விரலில் ஏறும். ஷூ உரசினால் ‘ஸ்ஸ்’ என்று விட்டுவிட்டுக் கேட்கும், அது வேறு. இடது பக்கத்தையும் தூக்கி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பிட எதுவும் இல்லாமல் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டுவிட்டுச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன்.

இத்தனைக்குப் பிறகுதான் கிரீஸ் கப். சக்கரத்தைக் கழற்றி, கப்பின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டினால் வெளியே வரும். ஸ்பேனரை எடுக்கும் முன் கண்ணால் பாருங்கள். அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி இதே புகாரோடு வந்தது. கப்பைக் கழற்றியதும் மடித்த கழுத்து விண்டு போய் ஒரு நகத்துண்டு மாதிரி கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்தது. நட்டைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வைத்துத் திருப்பினேன். திருகியது. அதற்கு அடியில் வாஷரைச் சுற்றிக் குங்குமம் மாதிரி செம்பழுப்புத் தூள். இரும்பும் இரும்பும் நுணுக்கமாக உரசிக்கொண்டே இருந்தால் வரும் தூள் அது. வண்டிக்காரர் அந்த நிலையில் திருவண்ணாமலை போய் வந்திருந்தார்.

நட்டு தளர்ந்திருந்தால் அதை அப்படியே இறுக்கிவிட்டு ஓட்டலாமா? கேட்பீர்கள் என்று தெரியும். இறுக்கினால் சத்தம் ஒரு வாரத்துக்குக் குறையும், ஆனால் ஆட்டத்தில் அடிபட்ட குண்டுப் பாதை நேராகாது. டிரம்மை வெளியே எடுத்து முளையைப் பார்த்தே ஆக வேண்டும். பேரிங்கின் உள்வளையம் முளையில் அசையாமல் உட்கார வேண்டும். நட்டு தளர்ந்தால் வளையம் முளைமேலேயே சுற்ற ஆரம்பிக்கும். முளையைத் துடைத்துவிட்டு நகத்தை ஓட்டுங்கள். கோடு தட்டுப்பட்டாலோ, நீலம் பாய்ந்திருந்தாலோ அந்த ஸ்டப் ஆக்சில் போய்விட்டது. இந்த இடத்தில் சிலர் சென்டர் பஞ்சால் முளைமேல் வரிசையாகப் புள்ளி அடித்துத் தடிப்பாக்குவார்கள், சிலர் தகரத்தை வெட்டிச் சுற்றி ஏற்றுவார்கள். இரண்டுமே புது பேரிங்கைக் கோணலாக உட்கார வைக்கும் வேலை. செலவானாலும் ஸ்டப்பை மாற்றுங்கள்.

புது பேரிங்கை டிரம்முக்குள் ஏற்றுவது அழுத்தி ஏற்றும் பிரஸ் இயந்திரத்தில்தான் நடக்க வேண்டும், அழுத்தம் வெளிவளையத்தின் மேல் விழ வேண்டும். சுத்தியலால் உள்வளையத்தில் அடித்து ஏற்றினால் அந்த அடி குண்டுகள் வழியாகப் போய்ப் பாதையில் குழி போடும். புது பேரிங் முதல் நாளே முனகுவதற்கு இதுதான் காரணம். ‘டூப்ளிகேட் சாமான்’ என்று பழி மட்டும் கடைக்காரர்மேல் விழும். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சில பேரிங்குகளின் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கும். அது சென்சார் இருக்கும் பக்கம் பார்த்து உட்கார வேண்டும், திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். ஹப் ஆடினால்கூட அந்த விளக்கு விட்டுவிட்டு எரிவதுண்டு.

ஒன்று கவனியுங்கள். மேலே சொன்ன இறுக்கக் கணக்கெல்லாம் நட்டை முழுக்க இறுக்கும் வகை பேரிங்குக்கு. பழைய கார்கள் சிலவற்றில் வெளிவளையமும் உள்வளையமும் (கப், கோன் என்போம்) தனித்தனியாகக் கழன்று வரும் இரண்டு டேப்பர் பேரிங், அதாவது குண்டுக்குப் பதில் கூம்பு உருளை உள்ளவை, இருக்கும். அங்கே இறுக்கும் முறையே தலைகீழ். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உட்கார வைத்து, பிறகு தளர்த்தி, விரலால் இறுகும் அளவுக்குக் கொண்டு வந்து ஸ்பிளிட் பின்னைப் போட வேண்டும். மிக நுண்ணிய ஓர் ஆட்டம், 0.025 முதல் 0.125 மில்லிமீட்டருக்குள், இருந்தே ஆக வேண்டும். அதை 175-க்கு இறுக்கினால் பத்து கிலோமீட்டரில் புகை வரும். ஆம்னி வேன், பொலேரோ மாதிரி பின்சக்கரத்தை எஞ்சின் சுற்றும் வண்டிகளில் அமைப்பே வேறு, ஆக்சில் ஷாஃப்டோடு பேரிங் வெளியே வரும். அதற்கு இந்தப் பதில் பொருந்தாது.

“வேலூர் வெயிலில் கிரீஸ் உருகி ஓடிடுச்சு” என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதாரண லித்தியம் கிரீஸ்கூட 180 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகும். வெயில் அதை ஒன்றும் செய்யாது, தண்ணீர்தான் செய்யும். தண்ணீர் இல்லாத ஆறு என்று பேர் வாங்கிய பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மழையில் சக்கரம் முங்க நின்ற ஒரு கார் மூன்று மாதம் கழித்து என்னிடம் வந்தது. கப்பைத் திறந்தால் கிரீஸ் இருந்த இடத்தில் சாம்பல் நிற மோர். உங்கள் கப்பிலும் அப்படி ஏதாவது தெரிந்தால் கதை வேறு, அங்கே நட்டுமேல் பழி போடாதீர்கள்.

பட்டறைக்குக் கொண்டு போவதைப் பற்றி: கையில் ‘டக்’ தெளிவாகத் தட்டுகிறது என்றால் ஓட்டிப் போகாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், இல்லையென்றால் காரை வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். புது நட்டை நீங்களே முன்கூட்டி வாங்கி வைத்துக்கொண்டால் பழையதைப் போட யாருக்கும் சாக்கு இருக்காது. கப்பைக் கழற்றியதும், நட்டைத் தொடும் முன், போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மடிப்பு எப்படி இருந்தது என்பது அதில் பதிவாகிவிடும், பிறகு யாரோடும் வாதாட வேண்டியதில்லை. மாட்டி முடித்த பிறகு நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

ஒரு பக்கம் பேரிங் மாற்றினால் மறுபக்கமும் மாற்றணுமா என்று கேட்டிருந்தீர்கள். சத்தமும் ஆட்டமும் இல்லாத பேரிங்கை நான் தொடமாட்டேன். ஆனால் பிரேக் ஷூ இரண்டு பக்கமும்தானே மாற்றினீர்கள்? இடது பக்க நட்டை முறுக்கியதும் அதே கைதான். அந்தக் கப்பையும் திறந்து பாருங்கள்.